டீச்சரம்மா பதில்கள்: பவுன் போட்ட பிறகும் பங்கு கேட்கலாமா?

கேள்வி: அப்பா போன வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். உயில் எழுதவில்லை. ஒரு வீடும் 90 சென்ட் ரப்பர் விளையும் இருக்கிறது. அம்மா இருக்கிறார்கள். எனக்கு இரண்டு அண்ணன்மார். கல்யாணத்துக்கு 60 பவுன் போட்டாச்சு, இனி உனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். பெரிய அண்ணன் சபைக் கமிட்டியில் இருக்கிறார். ‘விசுவாசியோடு விசுவாசி வழக்காடக் கூடாது, 1 கொரிந்தியர் 6-ஐ வாசித்துப் பார்’ என்கிறார். என் கணவரோ விடாதே என்கிறார். நான் பங்கு கேட்டால் அது பொருளாசையா?
(பெயர் வேண்டாம், மார்த்தாண்டம்)

பதில்: பெயரை மறைத்தாலும் பவுனைக் கணக்காக எழுதிவிட்டீர்கள். நம்ம ஊர்ப் பெண்தான், சந்தேகமில்லை.

முதல் காரியம், இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். பங்கை வாங்கியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவசரப்படாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான விடுதலைப் பத்திரத்தை, ‘விவரம் தெரியாமல் போட்டுவிட்டேன்’ என்று பிறகு போய் மாற்றுவது லேசுப்பட்ட வேலை அல்ல.

உங்கள் அண்ணன்மார் பேசுவது பழைய திருவிதாங்கூர்ப் பேச்சு. உங்கள் பக்கத்து விளவங்கோடும் கல்குளமும் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த தாலுகாக்கள். அங்கே 1916-ல் வந்த கிறிஸ்தவர் வாரிசுச் சட்டப்படி, மகன் இருக்கும் வீட்டில் மகளுக்கு ஸ்ரீதனம் மட்டும்தான். அதுவும் மகனுடைய பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது! கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண்மணி இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்தப் பழைய சட்டம் 1951-லேயே செத்துவிட்டது, 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று 1986-ல் தீர்ப்பு வந்தது. சட்டம் செத்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் வீட்டுத் திண்ணைகளில்தான் இன்னும் அடக்கம் பண்ணவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இதுதான் பிடித்த இடம். உயில் இல்லாமல் கிறிஸ்தவர் ஒருவர் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற பேதம் கிடையாது. உங்கள் 90 சென்டில் அம்மாவுக்கு 30, நீங்கள் மூன்று பேரும் ஆளுக்கு 20. வீட்டுக்கும் இதே கணக்குதான்.

அப்போ அந்த 60 பவுன்? தகப்பன் உயிரோடு இருக்கும்போது ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்காகக் கொடுத்ததை, அவர் போன பிறகு அந்தப் பிள்ளையின் பங்கில் கழிக்க முடியாது. 1925-ம் வருடச் சட்டத்தின் 49-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அப்படிக் கழித்தே ஆக வேண்டுமென்றால், அண்ணன்மார் படிப்புக்கு அப்பா கட்டிய ஃபீஸையும், வெளிநாட்டு வேலைக்கு அனுப்பச் செலவழித்திருந்தால் அதையும் அதே நோட்டில் எழுத வேண்டாமா? நம் வீடுகளில் பெண்ணுக்குச் செய்ததுதான் பவுன் கணக்கில் ஞாபகம் இருக்கும். பையனுக்குச் செய்ததெல்லாம் ‘அப்பாவின் கடமை’ ஆகிவிடும்.

இனி வேதவசனம். அண்ணன் சொன்ன 1 கொரிந்தியர் 6-ம் அதிகாரத்தை நானும் வாசித்தேன். ‘ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை’ என்று கேட்பது ஏழாவது வசனம். அங்கேயே வேதாகமத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது. எட்டாவது வசனத்தில் பவுல், ‘நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே’ என்கிறார். நஷ்டத்தைப் பொறுத்துக்கொள் என்ற வசனத்தை, நஷ்டப்படுத்துகிறவரே எடுத்து நீட்டக் கூடாது. அது நீங்களாக ஜெபத்தில் எடுக்க வேண்டிய முடிவு.

பங்கு கேட்பது பொருளாசையா என்ற கேள்விக்கு எண்ணாகமம் 27-ஐ வாசியுங்கள். செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக நின்று தகப்பனின் காணியாட்சியைக் கேட்டார்கள். அவர்கள் சொல்வது சரி என்று கர்த்தரே சொன்னார். அவர்களுக்குச் சகோதரர் இல்லை என்று உங்கள் அண்ணன் சொல்வார், உண்மைதான். அப்போது யோபு 42-ஐக் காட்டுங்கள். ஏழு குமாரர் இருந்தும் யோபு தன் மூன்று குமாரத்திகளுக்கும் ‘சகோதரரின் நடுவிலே’ சுதந்தரம் கொடுத்தான்.

ஆனால் லூக்கா 12-ஐயும் மறைக்க மாட்டேன். சொத்தைப் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று வந்தவனிடம், பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்றார் ஆண்டவர். அதனால் ஒரு கேள்வியை மட்டும் உங்களிடம் கேட்கிறேன். இது உங்கள் ஆசையா, உங்கள் கணவரின் ஆசையா? கடன் அடைக்கவும் கார் வாங்கவும் அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தால், அது வரதட்சணையின் இரண்டாம் தவணை. பங்கு வந்தால் பட்டா உங்கள் பெயரில் இருக்கட்டும். அதற்குச் சம்மதமா என்று இன்று இரவே கேட்டுப் பாருங்கள். அவர் மனம் தெரிந்துவிடும்.

அப்புறம், கடிதத்தில் அம்மாவைப் பற்றி ‘இருக்கிறார்கள்’ என்று ஒரே வார்த்தைதான் எழுதியிருக்கிறீர்கள். அதிகப் பங்கு அவர்களுக்குத்தான். எங்கே இருப்பார்கள், யார் பார்ப்பது, ரப்பர் பால் காசு யார் கைக்குப் போகும்? பேச்சை இங்கிருந்து தொடங்குங்கள். ‘அம்மா பங்கை அம்மா பெயருக்கு எழுதுவோம், மற்றதை அப்புறம் பேசுவோம்’ என்று சொல்லிப் பாருங்கள். அண்ணன்மாரின் முகத்திலேயே பதில் தெரியும்.

வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பிறகு, சகோதரர்க்குள்ள வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா என்று அதே அதிகாரத்தில் பவுல் கேட்கிறாரே, அப்படி ஒருவரைத் தேடுங்கள். அண்ணன் உட்காரும் கமிட்டியில் தேட வேண்டாம். நான் போயிருந்த ஒரு பாகப் பேச்சில் பெரிய மகன் கண்ணீரோடு ஜெபித்துத் தொடங்கினார். அரை மணி நேரத்தில் கிணற்றோரத்துப் பலாமரம் யார் எல்லைக்குள் வருகிறது என்று தம்பியின் சட்டையைப் பிடித்தார். போதகர் அந்தப் பக்கம் திரும்பாமல் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். சபைக்கு வெளியே உள்ள, காணிக்கையும் ஓட்டும் தேவைப்படாத பெரியவர் ஒருவர்தான் அன்றைக்குப் பேசி முடித்தார்.

உங்கள் கல்யாணத்துக்காக அண்ணன் தன் பெயரில் கடன் வாங்கி, அதை இன்னும் அடைத்துக்கொண்டிருந்தால் கதை வேறு. அதை நீங்களே சொல்லி உங்கள் பங்கில் குறைத்துக்கொள்ளுங்கள். விட்டுக்கொடுப்பதானாலும் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள்.

கேள்வி: என் மருமகள் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவள். நல்ல பெண். ஆனால் நகை போட மாட்டாள். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வெறும் கழுத்தோடு வருகிறாள். மாமியார் பிடுங்கிக்கொண்டாள் என்று பேசுகிறார்கள். நாங்கள் ஒரு பவுன்கூட வாங்காமல் செய்த கல்யாணம். என்ன செய்வது?
(ஒரு தாய், பாளையங்கோட்டை)

பதில்: ஒரு பவுன்கூட வாங்கவில்லையா? கையைக் கொடுங்கள், அம்மா. நம் சபைகளில் இது இன்னும் அபூர்வம்தான்.

அவளுடைய சபை 1 பேதுரு 3-ஐ அப்படியே எடுத்துக்கொள்கிறது. பொன்னாபரணத்தோடு மயிரைப் பின்னுவதையும் பேதுரு அங்கே வேண்டாம் என்கிறார். ஆனால் அங்கேயும் சடை பின்னித்தான் வருகிறார்கள், அதை யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம், வீட்டில் சண்டை வரும். உணவு, நாள் விஷயத்தில் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்காதிருங்கள் என்று ரோமர் 14-ல் எழுதியிருப்பது கழுத்துக்கும் பொருந்தும். அவள் உங்கள் வளையலைப் பார்த்து முகம் சுளிக்காதவரை, நீங்களும் அவள் கழுத்தைப் பார்க்காதீர்கள்.

ஊர்ப் பேச்சுக்கு ஒரு வழி உண்டு. அடுத்த கல்யாண வீட்டில் அவளை ஒதுக்கமாக உட்கார வைக்காமல், கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசைக்குக் கூட்டிப்போங்கள். யாராவது கழுத்தைப் பார்த்தால், ‘எங்கள் வீட்டில் வாங்கவும் இல்லை, பிடுங்கவும் இல்லை’ என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லுங்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேர் மகன் கல்யாணத்துக்குப் பவுன் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அப்பா முக்கால் மணி நேரம் ஜெபிக்கிறார். எனக்கு பிளஸ் டூ பரீட்சை வருகிறது. முழங்காலிலேயே தூங்கிவிடுகிறேன். இது பாவமா?
(ஒரு மாணவன், தூத்துக்குடி)

பதில்: கெத்செமனேயில் பேதுருவும் தூங்கினான், தம்பி. ஆண்டவர் எழுப்பினார், துரத்திவிடவில்லை.

அப்பாவிடம் நேரத்தைக் குறைக்கச் சொன்னால் கோபம் வரும். ‘இன்றைக்கு நான் ஜெபிக்கிறேன்’ என்று நீயே முந்திக்கொள். சங்கீதம் 117-ல் இரண்டே வசனம், அதை வாசி. மூன்று நிமிஷம் ஜெபித்து ஆமென் சொல்லிவிட்டு எழுந்திரு. மகன் ஜெபித்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் பரீட்சை முடியும்வரை அப்பா விட்டுவிடுவார். விடாவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் வேதாகமத்தில், ஜெபத்தில் வீண்வார்த்தைகளை அடுக்காதீர்கள் என்று ஆண்டவர் சொல்லும் மத்தேயு 6-ம் அதிகாரத்துக்கு நடுவே வைத்துவிடு. யார் வைத்தது என்று கேட்டால் டீச்சரம்மா என்று சொல்.