சின்ன ஓடையில் ட்ரவுட் பிடிக்க அல்ட்ராலைட் ஃப்ளை ராடு வாங்கலாமா, 5 வெயிட்டே போதுமா?

வாங்கலாம். ஆனால் 'அல்ட்ராலைட்' என்று அட்டையில் போட்டிருப்பதையெல்லாம் வாங்க வேண்டாம். ஏழு அல்லது ஏழரை அடி நீளம், 3 வெயிட், நன்றாக வளையக்கூடியதாக ஒன்று. அவ்வளவுதான் என் பதில். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். இந்தக் கேள்வியில் எனக்கு ஒரு சொந்தப் பஞ்சாயத்து பாக்கி இருக்கிறது.

எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இதைத் தமிழில் கேட்பதை வைத்துப் பார்த்தால், அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் எங்கோ ஐ.டி. வேலை, கடைக்காரர் கையில் கொடுத்த 9 அடி 5 வெயிட் ராடு, அதைத் தூக்கிக்கொண்டு மலையோடைக்குப் போய், மீன் பிடித்த நேரத்தைவிட மரக்கிளையிலிருந்து ஃப்ளையை (பூச்சி மாதிரி ஜோடித்த கொக்கி) எடுத்த நேரம் அதிகம் என்று ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். நான் வர்ஜீனியாவில் இருக்கிறேன். போவது ஷெனன்டோவா தேசியப் பூங்கா ஓடைகளுக்கு: ராபிடான், ரோஸ் ரிவர், ஹியூஸ் ரிவர். பெயரில்தான் ரிவர்; மேலே ஏற ஏற ஒரு எட்டில் தாண்டிவிடும் அகலம். கீழே எழுதுவதெல்லாம் அந்த மாதிரி தண்ணீருக்கு மட்டும். "மொன்டானாவில் காற்றடிக்கும்போது உன் 3 வெயிட் என்ன ஆகும்?" என்று ஒருவர் வருவார், எப்போதும் வருவார். ஐயா, அங்கே 5 வெயிட்தான் சரி. நான் எங்கேயும் மறுத்ததே இல்லை.

முதலில் இந்த 'வெயிட்' விவகாரம். அது ராடின் எடை இல்லை. அந்த ராடுக்குப் பொருத்தமான லைனின் எண். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இங்கே தலைகீழ். ஃப்ளைக்குக் கனமே கிடையாது, லைனின் கனம்தான் அதைக் கொண்டு சேர்க்கிறது. லைனின் முதல் 30 அடியை நிறுத்துப் பார்த்து எண் கொடுக்கிறார்கள். 5 வெயிட் என்றால் 140 கிரெயின், ஏறக்குறைய 9 கிராம். 3 வெயிட் 100 கிரெயின், ஆறரை கிராம் வரும். 1 வெயிட் 60 கிரெயின், 4 கிராம்கூட முழுசாக இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 30 அடி. சின்ன ஓடையில் 30 அடி லைனை யார் வெளியே விடுகிறார்கள்? லீடரை (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு) தள்ளிவிட்டால் எட்டு அடி, பத்து அடி. அதிலும் லைனின் முன்பகுதி மெலிந்து போகும், கனம் இன்னும் குறைவு. விறைப்பான 5 வெயிட் ராடு இந்தக் கொஞ்சக் கனத்துக்கு அசைந்தே கொடுக்காது. ராடு வளையாவிட்டால் லைன் பறக்காது. நீங்கள் கையை வீசுவீர்கள், லைன் காலடியில் விழும். கையை இன்னும் வேகமாக வீசுவீர்கள், பின்னால் இருக்கும் மரம் பிடித்துக்கொள்ளும். ஆகவே ராடு மெலிந்ததா, எத்தனை கிராம் என்பதை விடுங்கள். பத்தடி லைனுக்கே அது வளைகிறதா என்று பாருங்கள்.

அதனால்தான் இந்த வேலைக்கு நான் ஃபைபர்கிளாஸ் ராடு வைத்திருக்கிறேன். 1970களில் கிராஃபைட் வந்ததும் ஃபைபர்கிளாஸை எல்லோரும் மூலையில் போட்டார்கள். தூரம் வீச வேண்டுமென்றால் கிராஃபைட் நல்லதுதான், சந்தேகமில்லை. கிளாஸ் மெதுவானது, கைப்பிடி வரைக்கும் வளையும். சின்ன ஓடையில் இந்தச் சோம்பேறித்தனம்தான் வேண்டும்.

சரி, பஞ்சாயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் ஒரு திருநெல்வேலிக்கார அண்ணன் இருக்கிறார். கோடை விடுமுறையில் மேற்கே போய்ப் பெரிய ஆறுகளில் பிடித்துப் பழகியவர், உண்மையிலேயே நல்ல கை. ஒரு ஏப்ரல் மாதம் என்னோடு ராபிடானுக்கு வந்தார், தன் 9 அடி 5 வெயிட்டோடு. வண்டியிலிருந்து நான் என் ராடை எடுத்துப் பூட்டியதைப் பார்த்து, "என்னப்பா இது, பல்குச்சியா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஓடைகளில் இருப்பது புரூக் ட்ரவுட். வர்ஜீனியாவின் மண்ணுக்கே உரிய ஒரே ட்ரவுட் அதுதான். பிரவுன், ரெயின்போ எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. (நம் நீலகிரி ட்ரவுட்டும் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டதுதான்.) அறிவியல் கணக்கில் புரூக் ட்ரவுட்டே ட்ரவுட் இல்லை, 'சார்' (char) என்னும் வகை. அதைச் சொல்லித் திருத்த வருபவர்களுக்கும் முன்கூட்டியே வணக்கம். முதுகில் புழு ஊர்ந்த தடம், விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி, துடுப்பு ஓரத்தில் வெள்ளைக் கோடு. ஏழு அங்குலம் வந்தால் நல்ல மீன். ஒன்பது வந்தால் வீட்டில் சொல்வோம்.

இந்த மீன் நீரோட்டத்தை எதிர்த்து, மேல்நோக்கி நிற்கும். ஆகவே நாம் கீழிருந்து மேலே, முதுகை வளைத்து, தேவைப்பட்டால் முழங்காலில் போக வேண்டும். அண்ணன் நிமிர்ந்து நின்று பழக்கதோஷத்தில் லைனை உருவினார். அது முன்னால் இருந்த மடுவைத் தாண்டி அதற்கும் மேல் மடுவில் போய் விழுந்தது. இரண்டு மடுவிலும் மீன் காலி. அடுத்த இடத்தில் சுருக்கமாக வீசப் பார்த்தார், ராடின் நுனிகூட அசையவில்லை. அதற்கடுத்ததில் கிளை. நான் பக்கத்திலேயே ஒரு கிளைக்கடியில் மண்டியிட்டு, ஃப்ளையின் கொக்கி வளைவை விரல்நுனியில் பிடித்து, வில்லை நாண் இழுப்பதுபோல ராடை வளைத்து விட்டேன். இதற்கு 'போ அண்ட் ஆரோ காஸ்ட்' என்றே பெயர். பின்னால் இடமே தேவையில்லை. வளையாத ராடில் இதைச் செய்தால் ஃப்ளை மூன்றடி போகும், அவ்வளவுதான். என் ஃப்ளை பாறை ஓரத்தில் விழுந்தது, மீன் வந்தது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அண்ணனே இதைப் படித்துவிட்டுப் போன் பண்ணுவார். கொஞ்சம் மேலே மரம் விலகி, பெரிய பாறைகளுக்கு நடுவே தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடும் ஒரு இடம். அங்கே அவர் அந்த நீளமான ராடை உயர்த்திப் பிடித்து, லைன் தண்ணீரிலேயே படாமல் ஃப்ளையை மட்டும் பாறைக்குப் பின்னால் இருக்கும் அமைதியான நீரில் மிதக்க விட்டார். என் ராடில் அது முடியாது. நடுவில் ஓடும் வேகமான நீர் லைனைப் பிடித்திழுக்க, ஃப்ளை வழுக்கிக்கொண்டு போகும், மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. அவர் அடுத்தடுத்துப் பிடித்தார், நான் வேடிக்கை பார்த்தேன். உங்கள் ஓடை இப்படித் திறந்த பாறை ஓடை என்றால், குட்டை ராடே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். ஜப்பானியர்களின் டென்காரா வாங்குங்கள்: ரீல் கிடையாது, பதினோரு பன்னிரண்டு அடி, மடக்கினால் பையில் அடங்கும், விலையும் குறைவு. ஆனால் தெற்கே, வட கரோலினா பக்கம், ரோடோடென்ட்ரான் புதர் ஓடையின் மேலே கூரை போட்டிருக்கும் இடங்களில் அதை விரிக்கவே முடியாது.

மதியத்துக்கு மேல் அண்ணன் என் ராடைக் கேட்டு வாங்கினார். முதல் மீனுக்கே ராடு கைப்பிடி வரை வளைந்தது. "எவ்வளவுப்பா இது?" என்றார். அதற்கப்புறம் அன்று முழுக்க அந்த ராடு என் கைக்கு வரவேயில்லை.

இதுவரைக்கும் நல்ல கதை. அவர் வீட்டுக்குப் போய் இரவோடு இரவாக வாங்கியது 0 வெயிட் ராடு. ஆமாம், பூஜ்யம். நான் சொன்னது 3. அந்த ஓடைக் கரையிலேயே சொன்னேன். 'லைட் நல்லது என்றால் இன்னும் லைட் இன்னும் நல்லது' என்பது அவர் கணக்கு. அதைக் கொண்டுபோய், அரசு வளர்த்துவிடும் பெரிய மீன்கள் இருக்கும் அகலமான ஓடையில், காற்றில், உலோகமணி வைத்த கனமான நிம்ஃபை (தண்ணீருக்குள் மூழ்கும் ஃப்ளை) கட்டி வீசியிருக்கிறார். லைன்தான் ஃப்ளையைக் கொண்டுபோக வேண்டும் என்று மேலே எழுதினேன் அல்லவா? அவருடைய லைனைவிட அந்த நிம்ஃபுக்கு அதிகாரம் அதிகம். நேராகக் காதில் வந்து குத்தியிருக்கிறது. கொக்கியில் முள் இல்லாததால் உடனே வந்துவிட்டது, நல்லவேளை.

அன்றிலிருந்து எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும், "இவன் பேச்சைக் கேட்டு 400 டாலர் போச்சு" என்று ஆரம்பித்துவிடுகிறார்.

பிறந்தநாள் என்றதும் இதையும் கொட்டிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும். எங்கள் ஏரியாவில் நம் மக்கள் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்து, பதினோரு மணிக்கு வாருங்கள் என்று அழைப்பு அனுப்புகிறார்கள். பதினோரு மணிக்குப் போனால் பலூன் கட்டிக்கொண்டிருப்பார்கள். சாப்பாடு மூன்று மணிக்கு. நடுவில் ஒரு விளையாட்டு, ஒரு வீடியோ, அப்பா பேச்சு, அம்மா பேச்சு. குழந்தை தூங்கிவிடும். இதெல்லாம் ஏன் ஏப்ரலிலும் மே மாதத்திலும் சனிக்கிழமையாகப் பார்த்து வருகிறது? ஷெனன்டோவாவில் பூச்சிகள் பொரித்து மேலே வந்து, மீன் மேற்பரப்பில் துணிந்து சாப்பிடும் பருவம் அதுதான். ஜூலை வந்தால் ஓடை வற்றிச் சூடேறிவிடும். குழந்தைகள் பிப்ரவரியில் பிறக்கக் கூடாதா? என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

விட்ட இடத்துக்கு வருவோம். 0 வெயிட், 1 வெயிட் எல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை. காற்றில்லாத நாளில், சின்ன உலர் ஃப்ளையோடு (தண்ணீர் மேல் மிதப்பது), ஆறங்குல மீனுக்கு அது மிகவும் சுகமான விளையாட்டு. ஏற்கெனவே மூன்று ராடு வைத்திருப்பவர் வாங்கலாம். இரண்டாவது ராடு வாங்கும் உங்களுக்கு 3 வெயிட்தான். அதில் உலர் ஃப்ளைக்குக் கீழே சின்ன நிம்ஃபைத் தொங்கவிடலாம், லேசான காற்றைத் தாங்கலாம், எதிர்பாராமல் பன்னிரண்டு அங்குல மீன் மாட்டினாலும் பயமில்லை.

இன்னொரு கூட்டம் உண்டு: "மெலிந்த ராடில் மீனை இழுத்தடித்துக் கொல்கிறீர்கள்." பாதி நியாயம். எவ்வளவு பலமாக இழுக்கலாம் என்பதை ராடைவிட டிப்பெட்தான், அதாவது ஃப்ளையைக் கட்டும் கடைசி மெல்லிய நரம்புதான், அதிகம் முடிவு செய்கிறது. நான் கட்டுவது 5எக்ஸ், அதாவது 0.006 அங்குலத் தடிமன். ஏழங்குல மீன் சில நொடிகளில் கைக்கு வந்துவிடும், ஈரக் கையால் பிடித்து விட்டுவிடலாம். ஆனால் 0 வெயிட்டில், தலைமுடி மாதிரி 7எக்ஸ் கட்டி, பெரிய மீனை அங்குமிங்கும் ஓடவிட்டுப் படம் எடுப்பவர்களைப் பற்றி அந்தக் கூட்டம் சொல்வது சரிதான். "பிடித்துவிட்டு விடுவதற்கு எதற்குப் பிடிக்கிறாய்?" என்று என் மாமியார் கேட்பதற்கு மட்டும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

வாங்கும்போது ராடில் மிச்சம் பிடித்த காசை லைனில் போடுங்கள். டபுள் டேப்பர் லைன் (இரண்டு முனையும் ஒரே மாதிரி மெலிவது) எடுத்தால் ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ராடு இன்னும் விறைப்பாகத் தோன்றினால் ஒரு எண் கூடுதலாக, 3 வெயிட் ராடில் 4 வெயிட் லைன் போட்டுப் பாருங்கள். குறுகிய தூரத்தில் உடனே வித்தியாசம் தெரியும். இதைச் சொன்னாலும் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். லீடர் ஏழரை அடி போதும். ரீலுக்குச் செலவு செய்யாதீர்கள், இந்த மீனுக்கு அது லைன் சுற்றி வைக்கும் டப்பா மட்டுமே. ஃப்ளை என்றால் 14 அல்லது 16 சைஸில் பாராசூட் ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ், அப்புறம் உள்ளூர்ச் சரக்கான மிஸ்டர் ராபிடான். எடின்பர்க் என்ற வர்ஜீனியச் சிற்றூரில் மருந்துக்கடையோடு ஃப்ளை கடையும் நடத்திய ஹாரி மரே உருவாக்கியது அது. மஞ்சள் கொண்டை நிழலிலும் கண்ணுக்குத் தெரியும், எனக்கு அது போதும்.

ஷெனன்டோவா பூங்காவுக்குள் ஒற்றைக் கொக்கி வைத்த செயற்கை இரை மட்டும்தான் அனுமதி, மண்புழு கூடாது. ராபிடானில் பிடித்ததை விட்டுவிட வேண்டும். வர்ஜீனியா மீன்பிடி உரிமம் எடுத்துவிட்டுப் போங்கள், வனக்காவலர் கேட்பார். ஹூவர் அதிபராக இருந்தபோது ஓய்வுக்கு வந்து மீன் பிடித்த முகாம் ராபிடான் பிறக்கும் இடத்தில் இன்றும் இருக்கிறது. நடந்து போய்ப் பார்க்கலாம். பையில் ஒரு தெர்மாமீட்டரும் போட்டுக்கொள்ளுங்கள், பத்துப் பதினைந்து டாலர்தான். தண்ணீர் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் புரூக் ட்ரவுட்டுக்கு மூச்சு முட்ட ஆரம்பிக்கும், பிடித்து விட்டாலும் பிழைப்பது சந்தேகம். அன்றைக்கு எந்த வெயிட் ராடாக இருந்தாலும் வண்டியிலேயே கிடக்கட்டும்.