அறிகுறி இல்லாவிட்டாலும் டெஸ்ட் எடுத்துவிடுங்கள் தம்பி

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: இங்கிலாந்துக்குப் படிக்க வந்து சில மாதம் ஆகிறது, மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருவரோடு ஆணுறை இல்லாமல் உறவு, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, ஆனாலும் மனசு அடங்கவில்லை. பாலியல் தொற்று இருக்கிறதா என்று டெஸ்ட் எடுக்கப் போனால் விசாவுக்கு ஏதாவது ஆகுமா, ரூமில் இருப்பவர்களுக்கோ வீட்டுக்கோ தெரிந்துவிடுமா?

முதலில் விசா. ஒன்றும் ஆகாது. விசாவுக்காக ஊரில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருப்பீர்கள், அது காசநோய்க்கானது. அதை வைத்து எல்லா நோயும் விசாவோடு சேர்ந்தது என்று நம் பிள்ளைகள் பலர் பயந்து கிடக்கிறார்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக விசா மறுக்கும் விதி பிரிட்டனில் கிடையாது. பாலியல் தொற்றுக்கான டெஸ்டும் மருந்தும் இங்கிலாந்தில் எந்த விசாவில் இருந்தாலும் இலவசம், 2012 முதல் எச்.ஐ.வி. சிகிச்சையும் அப்படித்தான்.

வீட்டுக்கும் தெரியாது. இதற்கென்றே செக்சுவல் ஹெல்த் கிளினிக் என்று தனியாக இருக்கிறது, நேரே அங்கே போகலாம், ஜிபி (நீங்கள் பதிந்திருக்கும் குடும்ப டாக்டர்) எழுதித் தர வேண்டியதில்லை, நீங்கள் சம்மதிக்காமல் ஜிபிக்கும் சொல்ல மாட்டார்கள். முடிவு உங்கள் போனுக்கு மெசேஜாக வரும். பல ஊர்களில் ஆன்லைனில் கேட்டால் வெளியே எதுவும் எழுதாத கவரில் டெஸ்ட் கிட் வரும், சிறுநீரையும் விரல் நுனியில் குத்தி எடுத்த கொஞ்சம் ரத்தத்தையும் நீங்களே எடுத்து அனுப்பிவிடலாம். ரூமில் தபாலைப் பிரிக்கும் ஆள் யாராவது இருந்தால் கிளினிக்குக்கே போய்விடுங்கள்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல வந்தது. "தொந்தரவு இல்லையே, விட்டுவிடலாமா" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கிளமிடியா என்ற பாலியல் தொற்று வந்த பெரும்பாலான பெண்களுக்கும் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கும் ஒன்றுமே தெரியாது. எரிச்சல் இல்லை, கசிவு இல்லை, ஆனால் அது உள்ளே இருந்துகொண்டு அடுத்தவருக்குப் போகும், பெண்களுக்குக் கருக்குழாய் வரை ஏறிப் பிற்காலத்தில் கருத்தரிப்பதையே கெடுக்கலாம். சிபிலிஸ் என்ற இன்னொரு தொற்றில் வரும் புண் பெரும்பாலும் வலிக்காது, தானே ஆறிவிடும், ஆறியதும் போய்விட்டது என்று நினைப்போம், ஆனால் நோய் உள்ளேதான் இருக்கும். எச்.ஐ.வி.யோ வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். உடம்பு நன்றாக இருக்கிறது என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

ஆனால் நேரக்கணக்கு ஒன்று உண்டு. கிளமிடியா, கொனோரியா (இதுவும் ஒரு பாலியல் தொற்றுதான்) இரண்டும் உறவுக்குப் பிறகு இரண்டு வாரம் ஆனால் டெஸ்டில் தெரியும், அதனால் இந்த வாரமே போகலாம். எச்.ஐ.வி.க்கு லேபில் செய்யும் ரத்த டெஸ்ட் 45 நாள் கழித்து எடுத்தால்தான் நம்பலாம், சிபிலிஸுக்கு 12 வாரம். இப்போது எல்லாம் நெகட்டிவ் என்று வந்தாலும் மறுபடி ஒருமுறை போக வேண்டியிருக்கும், அதை இப்போதே காலண்டரில் குறித்துவையுங்கள். இனி எப்போதாவது எச்.ஐ.வி. பயம் வருகிற மாதிரி ஏதாவது நடந்தால் வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள்: 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் 24 மணி நேரத்துக்குள், போனால் எச்.ஐ.வி. தொற்றிவிடாமல் தடுக்கும் பெப் என்ற மாத்திரை தேவையா என்று பார்த்து 28 நாளுக்குத் தருவார்கள், கிளினிக் மூடியிருந்தால் ஏ அண்ட் ஈ (ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு) போகலாம்.

கிளினிக்கில் ஆணோடா பெண்ணோடா, வாய்வழியா குதவழியா என்றெல்லாம் நேராகவே கேட்பார்கள். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த நிமிடம் கஷ்டம்தான். ஆனால் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி அது, அதற்குக் காரணமும் இருக்கிறது: தொண்டையிலோ ஆசனவாயிலோ இருக்கும் தொற்று சிறுநீர் டெஸ்டில் தெரியாது, அங்கிருந்தே சாம்பிள் எடுக்க வேண்டும். மறைத்தால் டெஸ்ட் எடுத்தும் பிரயோஜனமில்லை. ஆங்கிலத்தில் சொல்ல வாய் வரவில்லையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், அதற்கும் காசு கிடையாது. நண்பனைக் கூட்டிப் போய் மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

அப்புறம், ஊரிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த மருந்துப் பையில் ஆன்டிபயாடிக் இருக்கும். அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவே கூடாது. கொனோரியா பல மருந்துகளுக்கு அடங்காமல் போய்விட்டதால் இங்கே ஊசிதான் போடுகிறார்கள். கிளமிடியாவுக்கு ஒரு வாரம் மாத்திரை, அது முடியும்வரை உறவு வேண்டாம். கையில் கிடைத்ததை நாலு நாள் விழுங்கினால் நோய் போகாது, மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

ஆணுறை அந்தக் கிளினிக்குகளிலேயே இலவசமாகக் கிடைக்கும். தேங்காயெண்ணெய், வாசலின் தடவினால் லேடெக்ஸ் கிழியும், எண்ணெய் இல்லாத, 'வாட்டர் பேஸ்டு' என்று போட்டிருக்கும் ஜெல் வாங்குங்கள். கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸும், மருவும் சில புற்றுநோயும் வரவைக்கும் எச்.பி.வி. வைரஸும் தோல் பட்டாலே பரவும், ஆணுறை மூடாத இடத்திலிருந்தும் வரலாம், அதனால் ஆணுறையோடு நிற்காமல், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, எச்.பி.வி. இரண்டுக்குமான தடுப்பூசிகள் உங்களுக்குப் பொருந்துமா என்று அங்கேயே கேளுங்கள். ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு 45 வயது வரை எச்.பி.வி. ஊசி அங்கே இலவசம். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரையும் தேவைப்படுகிறவர்களுக்கு அங்கே கிடைக்கிறது.

ஏதாவது பாசிட்டிவ் என்று வந்தால் அந்த இன்னொருவரும் டெஸ்ட் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கும் ஆபத்து, மறுபடி சேர்ந்தால் உங்களுக்கும் திரும்ப வரும். நீங்களே சொல்லத் தயக்கமாக இருந்தால் கிளினிக்கில் அவர் நம்பரைக் கொடுங்கள், உங்கள் பெயர் வராமல் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள்.