மழை ஜாக்கெட்: மலைக்கும் பனிச்சறுக்குக்கும் எது பொருந்தும்? கேள்வி பதில்

வில்லியனூர் வாசகர்: ஐயா, டிசம்பரில் மலையேற்றம், பிப்ரவரியில் குல்மார்க்கில் பனிச்சறுக்கு. இரண்டுக்கும் ஒரே ஜாக்கெட் போதுமா?

போதும். மூன்றடுக்குத் துணியில் (மேல்துணி, நடுவே நீர் தடுக்கும் சவ்வு, உள்ளே மெல்லிய துணி), 350 முதல் 450 கிராமுக்குள் பாருங்கள். ஹெல்மெட்டுக்கு மேல் இழுத்துவிடக்கூடிய தலைமூடியும் அக்குளில் ஜிப்பும் அவசியம். உள்துணிக்குப் பதில் மெல்லிய பூச்சு மட்டும் உள்ள இரண்டரை அடுக்கு ஜாக்கெட் இதைவிட இலேசு. ஆனால் முதுகுப் பையின் வார் உரசி சீக்கிரம் தேயும். எந்த மழை ஜாக்கெட்டும் குளிரைத் தாங்காது. காற்றையும் நீரையும் தடுப்பதுதான் அதன் வேலை. சூட்டுக்கு உள்ளே கம்பளியோ ஃபிளீஸோ (கம்பளி போன்ற செயற்கைத் துணி) போட வேண்டும். ஊர் திரும்பியதும் சுருட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

கடலூர் முதுநகர்: 10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

துணியின் மேல் அத்தனை உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்று பொருள். 10,000 என்றால் 10 மீட்டர். மழைத்துளியைவிடத் தோளை அழுத்தும் பை வாரும், நனைந்த இருக்கையில் உட்காருவதும்தான் துணியைச் சோதிக்கும். பனிக்கு 20,000 வாங்குங்கள். உட்புறத் தையல்கள் எல்லாவற்றிலும் டேப் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். டேப் இல்லாவிட்டால் எண்ணால் பயனில்லை.

லாஸ்பேட்டை: விலை உயர்ந்த ஜாக்கெட் போட்டு நவம்பர் மழையில் ஸ்கூட்டர் ஓட்டினேன். உள்ளே சட்டை நனைந்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா?

ஜாக்கெட் புதிது என்றால், உங்களை நனைத்தது பெரும்பாலும் உங்கள் வியர்வைதான். 1969இல் அமெரிக்கர் பாப் கோர் டெஃப்லானைச் சட்டென இழுத்து நீட்டியபோது நுண்துளைகள் நிறைந்த சவ்வு கிடைத்தது. பல விலை உயர்ந்த ஜாக்கெட்டுகளின் துணிக்குள் இருப்பது இத்தகைய சவ்வுதான். நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறிய துளைகள். நீராவிக்கு அவை தாராளம். ஆனால் ஆவி தானாக வெளியேறாது. உள்ளே ஆவியழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் நகரும். மழைநாளில் புதுச்சேரிக் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. ஆவி எங்கே போகும்? குல்மார்க்கின் உறைகுளிரில் வெளிக்காற்றில் ஈரம் மிகக் குறைவு, அங்கே அதே ஜாக்கெட் நன்றாக மூச்சுவிடும். அதனால்தான் அக்குள் ஜிப்பை இத்தனை வற்புறுத்துகிறேன். அது எந்தக் காலநிலையிலும் வேலை செய்யும்.

அரியாங்குப்பம்: அப்படியானால் 500 ரூபாய் பிளாஸ்டிக் மழைக்கோட்டே போதுமே?

நம் ஊர் ஸ்கூட்டருக்குப் போதும், ஒப்புக்கொள்கிறேன். மலைக்கு வேண்டாம்.

அதே வாசகர்: அதைப் போட்டுத்தான் செஞ்சிக் கோட்டை ஏறினேன். ஒன்றும் ஆகவில்லை.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை சுமார் 800 அடி. நனைந்தால் இறங்கி வந்து தேநீர் குடிக்கலாம். 3,500 மீட்டரில் வியர்வையில் ஊறிய சட்டையோடு முகட்டுக் காற்றில் நின்றால் உடல்சூடு வேகமாக இறங்கும். கை நடுங்கும், பேச்சுக் குழறும், ஆள் சரியாக யோசிக்க மாட்டார். உயிர் போகும் விஷயம் இது, 500 ரூபாய்க் கணக்கை இங்கே போடாதீர்கள்.

பாகூர்: குடை?

காற்றில்லாத காட்டுப் பாதையில் அருமையானது. முகட்டில் நிற்காது.

முத்தியால்பேட்டை: எந்த பிராண்டு வாங்கலாம்?

ஐந்தாவது முறையாக இதே கேள்வி. பிராண்டு சொல்ல மாட்டேன். ஃபிளீஸ் போட்டு, மேலே ஜாக்கெட் போட்டு, இரு கைகளையும் தூக்குங்கள். இடுப்பு தெரிந்தால் வேறொன்றை எடுங்கள்.

நெல்லிக்குப்பம்: மூன்று வருட ஜாக்கெட், உட்பூச்சு தோல்போல உரிகிறது. ஒட்டலாமா?

முடியாது. ஈரமும் சூடும் சேர்ந்தால் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்துவிடும். கடலோர வீட்டுப் பரண் அதற்கு எமன். என் முதல் ஜாக்கெட்டை இரண்டு கோடை அங்கே வைத்திருந்தேன். எடுத்தபோது தையல் டேப் கையோடு வந்தது. முழுக்க உலர்த்தி, காற்றோட்டமான அறையில் ஹேங்கரில் மாட்டுங்கள்.

திருப்பாப்புலியூர்: துவைத்தால் கெட்டுவிடுமா?

துவைக்காவிட்டால்தான் கெடும். உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் மேல்துணி நீரை உருட்டி விடாமல் குடிக்கத் தொடங்கும். இதற்கென விற்கும் திரவச் சோப்பு நல்லது, துணி மென்மையாக்கி கூடவே கூடாது. லேபிள் அனுமதித்தால், உலர்ந்த பின் மேலே ஒரு துணி விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளி உருளாவிட்டால் நீர்விலக்கி ஸ்பிரே அடிக்க வேண்டும்.

கடலூர்: எட்டு வயது மகளுக்கு?

வாங்காதீர்கள், அடுத்த குளிர்காலத்தில் அளவு பற்றாது. குல்மார்க்கிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நீர்புகாத கையுறை மட்டும் இரண்டு ஜோடி சொந்தமாக வாங்குங்கள். முதல் ஜோடியை மதியத்துக்குள் நனைத்துவிடுவாள்.