நீண்ட ஆட்டமா, நிறைய ஆட்டங்களா?

கேள்வி: நான் எழுதிவரும் செஸ் எஞ்சினின் (செஸ் ஆடும் கணினி நிரல்) புதிய பதிப்பைப் பழைய பதிப்புடன், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் வீதம், 100 ஆட்டங்கள் மோதவிட்டேன். 29 வெற்றி, 21 தோல்வி, 50 டிரா. நிதானமாக ஆடப்பட்ட ஆட்டங்கள் என்பதால் இந்த முடிவை நம்பலாம் அல்லவா?

பதில்: நான்கு நாட்களுக்கு மேல் கணினியை ஓடவிட்டுக் காத்திருந்திருக்கிறீர்கள், ஆயினும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று புள்ளிகளைக் கூட்டினால் வரும் 54-46 என்பது சுமார் 28 எலோ (ஆட்டத் திறனை அளக்கும் மதிப்பெண்) முன்னிலை. பாதி ஆட்டங்கள் டிராவாகும் 100 ஆட்டத் தொடரிலோ, 95 விழுக்காடு நம்பகத்துக்கான பிழை வரம்பு ஏறக்குறைய 48 எலோ. புதிய பதிப்பு உண்மையில் 20 எலோ பின்தங்கியிருந்தாலும் இப்படியொரு முடிவு வரக்கூடும்.

ஓர் ஆட்டம் ஆறு நிமிடத்தில் முடிந்தாலும் ஒரு மணி நேரம் ஓடினாலும், கணக்கில் சேர்வது ஒன்று, அரை, சுழி என்பவற்றுள் ஏதேனும் ஒன்றுதான். பிழை வரம்பைப் பாதியாக்க ஆட்டங்களை நான்கு மடங்காக்க வேண்டும். அதே 100 மணி நேரத்தில் ஆறு நிமிட ஆட்டங்கள் 1000 ஆடியிருந்தால், வரம்பு 15 எலோவாகச் சுருங்கியிருக்கும். நீண்ட ஆட்டங்களில் டிராக்கள் பெருகுவதால் பிழை சற்றுக் குறையும் என்பது மெய்தான்; ஆனால் அதே டிராக்கள் இரு பதிப்புகளுக்கும் இடையிலான எலோ இடைவெளியையும் பெரும்பாலும் சுருக்கிவிடுகின்றன.

இடைவெளி பெரிதென்றால் 100 ஆட்டங்களே போதும். 2017இல் ஆல்ஃபாஸீரோ என்ற எஞ்சின், ஸ்டாக்ஃபிஷ் என்ற மற்றோர் எஞ்சினுடன் 100 ஆட்டங்கள் ஆடி, ஒன்றிலும் தோற்காமல் 28 வென்று 72 டிரா செய்தபோது எவருக்கும் புள்ளியியல் ஐயம் எழ இடமில்லை. நீங்கள் தேடுவது சிறிய முன்னேற்றம் என்பதால்தான் இத்தனை ஆட்டங்கள் தேவைப்படுகின்றன.

நீண்ட ஆட்டங்களை அடியோடு விட்டுவிடவும் கூடாது. குறைந்த ஆழத்தில், அதாவது சில நகர்வுகளே முன்னோக்கிப் பார்க்கும்போது, பலன் தரும் ஒரு திருத்தம், எஞ்சின் ஆழமாகத் தேடும்போது பயனற்றுப் போவதுண்டு. இதனால்தான் ஸ்டாக்ஃபிஷ் குழுவின் ஃபிஷ்டெஸ்ட் சோதனைத் தளத்தில், 10 விநாடியும் நகர்வுக்கு 0.1 விநாடியும் கொண்ட ஆட்டங்களில் தேறிய திருத்தத்தை, 60 விநாடியும் நகர்வுக்கு 0.6 விநாடியும் கொண்ட ஆட்டங்களில் மறுபடி சோதிப்பது வழக்கம். எப்போது நிறுத்துவது என்பதற்கான எல்லைகளையும் முன்கூட்டியே வகுத்துவிடுகிறார்கள். முன்னிலை தெரிந்த கணத்தில் நிறுத்திக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

நீங்களும் ஒவ்வொரு தொடக்க நிலையையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவிடுங்கள். விரைவு ஆட்டங்களின் பதிவில் நேரம் தீர்ந்து தோற்றவை எத்தனை என்று பாருங்கள். அடிக்கடி தென்பட்டால், நேர மேலாண்மைப் பிழையைத் திருத்திவிட்டுத் தொடரை முதலிலிருந்து ஓட்டுங்கள்.