மை நிரப்பும் கடைக்கு பிரான்சைஸ் எடுக்கலாமா?

கேள்வி: கட்டாரில் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். பிரிண்டர் காட்ரிஜுக்கு மை நிரப்பும் ஒரு கம்பெனி, தங்கள் பெயரில் திருகோணமலையில் கடை போட பிரான்சைஸ் தருவதாகச் சொல்கிறது. சேமிப்பு முழுவதும் அதற்கே போய்விடும். எடுக்கலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, அந்தக் காசை இப்போதைக்குக் கட்டாதீர்கள்.

1997இல் அவுஸ்திரேலியாவில் கார்ட்ரிட்ஜ் வேர்ல்ட் என்ற மை நிரப்பும் பிரான்சைஸ் கம்பெனி தொடங்கியபோது இது நல்ல வியாபாரம். பிரிண்டர் மலிவு, மை கொள்ளை விலை. ஆனால் 2010இல் எப்சன் மைத் தாங்கி வைத்த பிரிண்டரைக் கொண்டுவந்தது. மற்றக் கம்பெனிகளும் பின்னால் வந்தன. இன்று போத்தல் மையை வீட்டிலேயே ஊற்றிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் கடை எதற்கு?

பழைய வகை வைத்திருப்பவர்கள் வருவார்கள்தான். பல காட்ரிஜ்களில் அச்சடிக்கும் தலையும் சேர்ந்தே இருக்கும். மை தீர்ந்து பல நாள் கிடந்தால் துளைகள் காய்ந்து அடைத்துவிடும். மையில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே சூடேற்றும் பகுதி கருகிவிடும். எவ்வளவு நிரப்பினாலும் கோடு கோடாகத்தான் வரும், பழி உங்கள் தலையில். கலர் காட்ரிஜை ஈர டிஷ்யூவில் ஒற்றிப் பாருங்கள். மூன்று நிறமும் பதிந்தால் நிரப்பலாம். இல்லையென்றால் காசு வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

திருகோணமலையில் எனக்கு நம்பிக்கை லேசர் டோனரில்தான், அதாவது லேசர் பிரிண்டருக்குப் போடும் மைத்தூளில். மாகாண சபை அலுவலகங்கள், கச்சேரி, சட்டத்தரணிகள், கோணேசபுரி வளாகத்துப் பிள்ளைகள் போகும் போட்டோகொப்பிக் கடைகள் எல்லாம் தாளைத் தின்னும் இடங்கள். ஹெச்பி 12ஏ மாதிரியான டோனர் காட்ரிஜைக் கழற்றி, கழிவுத் தூளைக் கொட்டி, தூளை வழிக்கும் பிளேடைத் துடைத்து, தூளைத் தாளில் பதிக்கும் உருளையான டிரம்மில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து நிரப்பப் பழகுங்கள். தூளை மட்டும் நிரப்பி அனுப்பினால் தாளில் கறுப்புக் கோடு விழும், அந்த அலுவலகம் மறுபடி உங்களைக் கூப்பிடாது. முகக்கவசம் கட்டாயம். அப்புறம், அலுவலக வேலை பெரும்பாலும் கடனுக்குத்தான், கையில் கொஞ்சம் காசு இருக்கவேண்டும். சேமிப்பைக் கரைக்காதீர்கள் என்பது அதற்கும்தான்.

இந்த வேலையை ஒரு கடையில் நின்றே கற்றுக்கொள்ளலாம். பெயர்ப்பலகைக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

அப்படியும் மனம் அதிலேயே நின்றால், ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். கம்பெனி பங்கு கேட்பது விற்பனையிலா, இலாபத்திலா? விற்பனையில் என்றால் நட்டப்பட்ட மாதமும் கட்டவேண்டும். மையை அவர்களிடம்தான் வாங்கவேண்டுமா? ஏற்கெனவே கடை எடுத்தவர்களை நீங்களாகத் தேடிப்போய்ப் பேசுங்கள், கம்பெனி காட்டும் ஆட்களோடு நிறுத்தாதீர்கள். கடையை மூடவேண்டி வந்தால் மெஷினைத் திருப்பி எடுப்பார்களா, என்ன விலைக்கு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.