சின்ன ஊர் மியூசியத்துக்கு சுத்தி வர்ற கண்காட்சி: கிராண்ட் பத்தி கேட்டதும் சொன்னதும்

அமெரிக்காவுல சின்ன ஊர் மியூசியம், ஹிஸ்டாரிக்கல் சொசைட்டின்னு வாலன்டியரா உழைக்கிற நம்மாளுங்க கொஞ்சம் பேர் கேள்வி அனுப்பியிருந்தீங்க. கிராண்ட், அதாவது நிதியுதவி, கேட்டு அப்ளிகேஷன் எழுதிக் கொடுக்குறதுதான் என் வேலைங்கறதால தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

அக்கா, எங்க ஊர்ல நாலாயிரம் பேர்தான் இருக்கோம், மியூசியமே பழைய ரயில்வே ஸ்டேஷன் கட்டடம். வாஷிங்டன்ல இருக்குற தேசிய மியூசிய அமைப்பு ஸ்மித்சோனியன்லாம் எங்களைத் திரும்பிப் பாக்குமா? (கேன்சஸ்)

உங்க மாதிரி ஊருக்குன்னே ஒரு திட்டம் வச்சிருக்காங்கப்பா, பேரு மியூசியம் ஆன் மெயின் ஸ்ட்ரீட், 1994ல ஆரம்பிச்சது, ஸ்மித்சோனியனோட பயணக் கண்காட்சிப் பிரிவும் மாநில ஹியூமானிட்டீஸ் கவுன்சில்களும் (வரலாறு, இலக்கியம் மாதிரி விஷயங்களுக்கு மாநிலந்தோறும் இருக்குற அமைப்பு) சேந்து நடத்துறாங்க. நீங்க வாஷிங்டனுக்கு எழுத வேண்டாம், உங்க மாநில கவுன்சில்கிட்டதான் அப்ளை பண்ணணும், அவங்க மாநிலத்துக்குள்ள ஒரு சில ஊரைத் தேர்ந்தெடுப்பாங்க, கண்காட்சி ஒவ்வொரு ஊர்லயும் சுமார் ஆறு வாரம் நிக்கும். கிராமப்புறம் எப்படி மாறுச்சுன்னு காட்டுற கிராஸ்ரோட்ஸ், தண்ணியைப் பத்தின வாட்டர்வேஸ் எல்லாம் இப்படி ஊர் ஊரா போனதுதான்.

அப்ப கண்காட்சிக்கு வாடகை கட்டணுமா? எவ்ளோ கேக்குறது?

இந்தத் திட்டத்துல வாடகையை பெரும்பாலும் கவுன்சிலே பாத்துக்கும். ஆனா மண்டபம் ஓசில கிடைச்சா கல்யாணம் ஓசில நடந்துருமா? உள்ளூர்ப் பகுதிக்கு பேனல் அடிக்கணும், பேச வர்றவங்களுக்கு சன்மானம், ஸ்கூல் பிள்ளைங்களக் கூட்டிட்டு வர பஸ், விளம்பரம், லைட்டு, இதுக்குத்தான் நீங்க காசு கேக்கணும். நான் பாத்த அப்ளிகேஷன்ல பாதி, கண்காட்சி எவ்ளோ அருமையானதுன்னு மூணு பக்கம் எழுதியிருக்கும். அதை அனுப்புறதே அவங்கதானே, அவங்களுக்குத் தெரியாதா? உங்க ஊர்க்காரங்க அதை வச்சு என்ன பண்ணப் போறாங்கன்னு எழுதுங்க.

எங்க ஊருக்கு எழுபதுகள்ல வந்து ஒரே டாக்டரா இருந்தது ஒரு தமிழ்க் குடும்பம். அவங்க கதையை இதுல சேக்கலாமா மேடம்? (அயோவா)

தாராளமா! ஊருக்கு யார் வந்தா யார் போனாங்கறதுதானே கிராஸ்ரோட்ஸ் மாதிரி கண்காட்சியோட சாரமே. 1965ல குடியேற்றச் சட்டம் மாறினதுக்கு அப்புறம் வெளிநாட்டு டாக்டருங்க நெறைய பேரு, உள்ளூர் டாக்டருங்க போகாத சின்ன ஊருங்களுக்குப் போய் உக்காந்தாங்க, அதுல இந்தியாலேர்ந்து வந்தவங்க கணிசம். அவங்க கிட்ட வைத்தியம் பாத்த விவசாயிங்க இன்னும் இருப்பாங்க, அவங்களயும் பேட்டி எடுங்க, குடும்பத்தை மட்டும் எடுத்தா அது குடும்ப ஆல்பமாயிரும். பேட்டிக்கு கையெழுத்து அனுமதி வாங்கிடுங்க, ஒலிப்பதிவு எங்க பத்திரமா இருக்கும்னு அப்ளிகேஷன்ல ஒரு வரி போடுங்க.

எங்ககிட்ட ஏசி ஒரு ரூம்லதான் இருக்கு. கட்டட வசதி பத்தி கேக்குற ஃபெசிலிட்டி ரிப்போர்ட்ல என்ன எழுதுறது? (டெக்சஸ்)

உள்ளதை எழுதுங்க. பேனல், ஆடியோ, கையால தொட்டுப் பாக்குற மாடல்னு வர்ற கண்காட்சிக்கு இவ்ளோ கெடுபிடி இருக்காது, லைப்ரரிலயே வைக்கிறாங்க. அசல் ஓவியம், பழைய துணி, காகிதம்னு வந்தாத்தான் 24 மணி நேரமும் வெப்பம், ஈரப்பதம் ஒரே அளவுல இருக்கணும், அலாரம், தீயணைப்பு, பூட்டு எல்லாம் கேப்பாங்க, இன்சூரன்ஸும் அதைப் பொறுத்துதான். எல்லாரும் மறக்குறது வாசக்கதவு அகலம். இப்பவே டேப் எடுத்து அளந்துக்குங்க, படிக்கட்டு இருந்தா அதையும் சொல்லிடுங்க. காலிப் பெட்டிங்கள ஆறு வாரம் எங்க வைப்பீங்க? ஈரமான பேஸ்மென்ட்னு மட்டும் சொல்லிடாதீங்க.

கிராண்டுக்கு ஈடா நம்ம பங்கா மேட்ச் பணம் போடணும்னு இருக்கு, எங்க பேங்க்ல ஒண்ணுமே இல்லக்கா.

காசாத்தான் போடணும்னு பெரும்பாலும் இல்ல, விதிமுறையை ஒரு தடவை படிச்சிருங்க. வாலன்டியர் நேரத்தை மேட்ச்சா காட்டலாம், இன்டிபென்டன்ட் செக்டர்ங்கற அமைப்பு வருஷா வருஷம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மதிப்பு போடுது, 2023க்கு 33.49 டாலர். அம்பது மணி நேரம்னாலே 1,600 டாலர் தாண்டிருச்சு பாருங்க. நகராட்சி சும்மா குடுக்குற ஹால், பிரஸ்காரர் தள்ளுபடில அடிச்சுத் தர்ற நோட்டீஸ் எல்லாமே கணக்குதான். ஆனா மொத நாள்லேர்ந்தே தேதி போட்டு கையெழுத்து வாங்கின டைம்ஷீட் வேணும், கடைசில உக்காந்து ஞாபகத்துல எழுதினா ஆடிட்ல மாட்டுவீங்க. ஃபெடரல் பணத்துக்கு இன்னொரு ஃபெடரல் பணத்தை மேட்ச்சா காட்டுறது பொதுவா செல்லாது.

ஃபெடரல் கிராண்டுக்குப் பதியுற அரசாங்க வெப்சைட் சாம் டாட் கவ்ல (SAM.gov) பதிய ஒரு கம்பெனி 600 டாலர் கேக்குதே?

குடுக்காதீங்க. அது இலவசம். எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடம் இருக்குற யூஇஐன்னு (UEI) ஒரு அடையாள எண் உங்க சங்கத்துக்கு அங்கயே கிடைக்கும், முன்னாடி கேட்ட டன்ஸ் (DUNS) நம்பருக்கு பதிலா 2022 ஏப்ரல்லேர்ந்து அதுதான். சங்கத்தோட பேரும் விலாசமும் உங்க பதிவுக் காகிதத்துல இருக்குற மாதிரி அச்சு அசலா போடலன்னா வாரக்கணக்கா இழுக்கும், அதனால டெட்லைன் மாசத்துல ஆரம்பிக்காதீங்க. வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.

2025ல எல்லாத்தையும் நிறுத்திட்டாங்கன்னு சொல்றாங்களே, இனிமே எழுதி பிரயோஜனம் உண்டா? (ஒஹாயோ)

அடி பலமாத்தான் விழுந்துச்சு. மார்ச்ல மியூசியம், லைப்ரரிக்கு பணம் குடுக்குற ஃபெடரல் அமைப்பு ஐஎம்எல்எஸ்ஸ சுருக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு, ஏப்ரல்ல ஹியூமானிட்டீஸுக்கான ஃபெடரல் நிதி அமைப்பு என்இஎச், மாநில கவுன்சில்களுக்கான கிராண்டை ரத்து பண்ணுச்சு, மெலன் ஃபவுண்டேஷன்ங்கற தனியார் அறக்கட்டளை அவசரத்துக்கு 1.5 கோடி டாலர் போட்டுச்சு, ஆனா 56 கவுன்சிலுக்குப் பிரிச்சா அது எந்த மூலைக்கு? கவுன்சில் தரப்புல கோர்ட்டுக்கும் போனாங்க. அதனால போன வருஷத்து வெப்சைட்ட நம்பி எழுதாம கவுன்சில் ஆபீசுக்கு போன் போட்டு இந்த வருஷம் என்ன இருக்குன்னு கேட்டுக்குங்க, அவங்க நல்லாவே பேசுவாங்க. கூடவே ஊர்ல இருக்குற கம்யூனிட்டி ஃபவுண்டேஷன், பேங்க், மின்சாரக் கூட்டுறவு சங்கம்னு சின்னச் சின்னதா கேளுங்க, ரெண்டு பக்க லெட்டருக்கே குடுக்குறவங்க உண்டு.

போன தடவை ரிஜெக்ட் ஆயிருச்சு. அதையே திரும்ப அனுப்பலாமா?

அப்படியே வேண்டாம். மதிப்பிட்டவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டு வாங்குங்க, ஃபெடரல் கிராண்டுன்னா குடுப்பாங்க. ஒருத்தர் திட்டியிருந்தா விட்டுருங்க. மூணு பேரும் ஒரே இடத்தைக் குத்தியிருந்தா, பெரும்பாலும் அது பட்ஜெட்டாத்தான் இருக்கும், அதை மொதல்ல சரி பண்ணுங்க.