ஹென்லி படகுப் போட்டி பணக்காரர் விழா மட்டும்தானா?

கேள்வி: இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றில் ஆண்டுதோறும் நடக்கும் ஹென்லி ராயல் ரெகாட்டா, கோட்டும் தொப்பியும் போட்ட பணக்காரர்களின் கோடை விழா மட்டும்தானா? படகுப் போட்டி என்று பார்த்தால் அதில் என்ன இருக்கிறது?

பதில்:

கரையைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆற்றைப் பார்த்தால் கதையே வேறு. நான் சிங்கப்பூரில் கல்லாங் ஆற்றுப்படுகையில் டிராகன் படகில் துடுப்புப் போடுகிறவன். ஒவ்வொரு ஜூலையிலும் ஹென்லி போட்டிகளை யூடியூபில் நேரலையாகப் பார்த்துவிடுவேன். ரெடிங்கில் இருக்கும் சித்தப்பா மகன் புண்ணியத்தில் ஒருமுறை கரையில் நின்றும் பார்த்திருக்கிறேன்.

முதலில் போட்டி நடக்கும் விதம். 1839இல் ஹென்லி ஊர்க்காரர்கள் தொடங்கியது இது. அப்போது ஒரே நாள், இப்போது ஆறு நாள். ஒலிம்பிக்கில் ஆறு படகுகள் தேங்கிய நீரில் 2,000 மீட்டர் ஓடும். ஹென்லியில் ஒரு நேரத்தில் இரண்டே படகுகள்தான். டெம்பிள் தீவுக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, நீரோட்டத்தை எதிர்த்து 1 மைல் 550 கெஜம், அதாவது 2,112 மீட்டர் போக வேண்டும். தோற்றவர்கள் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒலிம்பிக்கில் 2024 பாரிஸ் வரை முதல் சுற்றில் பின்தங்கியவர்களுக்கு இன்னொரு வாய்ப்புத் தந்தார்கள். இங்கே அந்தப் பேச்சே கிடையாது.

இந்த இரண்டு படகு முறையில்தான் சுவை முழுக்க இருக்கிறது. டிராகன் படகில் நாங்கள் முன்னே பார்த்து உட்காருவோம், துடுப்பு வெறும் கையில் இருக்கும், முரசடிப்பவர் மட்டும் எங்களைப் பார்த்து இருப்பார். ஹென்லியில் ஓடும் படகுகளில் துடுப்பு, படகிலிருந்து வெளியே நீட்டிய சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். உட்காரும் பலகை சக்கரத்தில் முன்னும் பின்னும் நகரும். வலிப்பவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். இதனால் என்ன ஆகும்? முந்திப் போகிறவர்களுக்கு எதிராளி கண்ணெதிரே தெரிவான். அவன் தோள் தளர்வது, துடுப்பு நீரில் பிந்தி விழுவது, மூச்சு வாங்குவது எல்லாம் தெரியும். பின்தங்கியவனுக்கோ முன்னால் போகிறவன் கண்ணிலேயே படமாட்டான். எவ்வளவு தூரம் விட்டுவிட்டோம் என்பதைச் சுக்கான் பிடிப்பவர் கத்திச் சொன்னால்தான் உண்டு. அதனால் புறப்பட்ட முதல் நிமிடத்திலேயே எப்படியாவது முந்திவிடத் துடிப்பார்கள். வழியில் பேரியர் என்றும் ஃபாலி என்றும் இரண்டு இடங்களில் நேரம் குறிப்பார்கள். ஃபாலி பாதித் தொலைவில் இருக்கிறது. அந்த இடத்தில் பின்தங்கியிருந்த படகு அதற்குப் பிறகு முந்தினால், கரையில் நிற்கிறவர்கள் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்க வேண்டும்.

நான் போன அன்று பள்ளி மாணவர்களின் எட்டுப் பேர் படகுகள் ஓடின. நான் நின்ற இடத்திலிருந்து படகு கைக்கெட்டும் தூரம். இரண்டு பக்கமும் மரக்கட்டைகளை மிதக்கவிட்டுப் பாதை அமைத்திருப்பார்கள், மொத்த அகலமே சுமார் 80 அடிதான். எட்டுத் துடுப்பும் ஒரே நொடியில் நீரைப் பிடிக்கும் சத்தம், பலகைச் சக்கரம் உருளும் சத்தம், பின்னாலேயே நடுவரின் படகு, அவ்வளவும் சில நொடிதான். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் தோற்ற பையன்கள் துடுப்பின் மேலேயே கவிழ்ந்துவிட்டார்கள். ஒருவன் கையை நீருக்குள் விட்டு முகத்தில் அள்ளி அடித்துக்கொண்டான். பிறகு அத்தனை பேரும் நிமிர்ந்து ஜெயித்தவர்களுக்காக மூன்று முறை வாழ்த்தொலி எழுப்பினார்கள். அவர்களும் பதிலுக்கு எழுப்பினார்கள். இதைப் பார்த்த பிறகு பணக்கார விழா என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் உங்கள் சந்தேகத்துக்கு வரலாற்றில் வலுவான ஆதாரம் இருக்கிறது. அதை மூடி மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை. 1879இல் ஹென்லி நிர்வாகிகள் ஒரு விதி போட்டார்கள். படகில் கூலிக்கு வேலை செய்தவர், கைத்தொழிலாளி, கூலித் தொழிலாளி யாரும் அமெச்சூர், அதாவது காசுக்காக இல்லாமல் விளையாடுபவர், ஆக மாட்டார், அதனால் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. தேம்ஸ் ஆற்றிலேயே பிறந்து, ஆளையும் சரக்கையும் ஏற்றித் துடுப்பு வலித்துப் பிழைத்த படகோட்டிகளுக்குத் தேம்ஸ் போட்டியில் இடமில்லை என்று ஆனது. இத்தனைக்கும் அவர்களுக்கென்று ஹென்லிக்கு நூறாண்டுக்கு மேல் மூத்த போட்டி ஒன்று லண்டனில் உண்டு. தாமஸ் டாகெட் என்ற நடிகர் 1715இல் தொடங்கி வைத்தது. லண்டன் பாலத்திலிருந்து செல்சி வரை இளம் படகோட்டிகள் ஓட்டுவார்கள், ஜெயித்தவருக்கு ஒரு மேலங்கியும் வெள்ளிப் பதக்கமும். இன்றும் நடக்கிறது. உலகம் முழுக்க ஹென்லியைத் தெரிகிறது, டாகெட் போட்டியைத் தெரிந்தவர்கள் குறைவு. எனக்கு இது பெரிய வருத்தம்.

அந்த விதியால் அடிபட்டவர்களில் பெயர் பெற்றவர் அமெரிக்கர் ஜாக் கெல்லி. செங்கல் அடுக்கும் கொத்தனார் வேலை பார்த்தவர். 1920இல் ஹென்லியின் டயமண்ட் ஸ்கல்ஸ் என்ற, ஒருவர் மட்டும் ஓட்டும் ஒற்றைப் படகுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார், நிராகரித்தார்கள். அவருடைய கிளப்மீது ஏற்கெனவே இருந்த தடையும் ஒரு காரணம், கைத்தொழில் செய்தவர் என்பது இன்னொரு காரணம். அந்த ஆண்டு டயமண்ட் ஸ்கல்ஸை ஜெயித்தவர் இங்கிலாந்தின் ஜாக் பெரஸ்ஃபோர்டு. அதே கோடையில் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் இறுதியில் அந்தப் பெரஸ்ஃபோர்டைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கினார் கெல்லி. பிற்பாடு அவர் மகன் ஹென்லிக்கு வந்து 1947இலும் 1949இலும் அதே டயமண்ட் ஸ்கல்ஸை வென்றார். நடிகை கிரேஸ் கெல்லி இந்தக் குடும்பத்துப் பெண்தான்.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் ஆஸ்திரேலியாவின் எட்டுப் பேர் அணி ஹென்லிக்கு வந்தது. அவர்கள் சிட்னி போலீஸ்காரர்கள், அதுவும் உடலுழைப்பு வேலைதான் என்று சொல்லி, எட்டுப் பேர் படகுக்கான பெரிய கோப்பைக்கு ஓட விடவில்லை. ஏச்சு பலமாக எழுந்தது. 1937இல்தான் அந்த விதியை எடுத்தார்கள். பெண்களுக்கு ஒற்றைப் படகுப் போட்டி நிரந்தரமாக வர 1993 ஆனது.

என் தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருக்கும் முந்தைய காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், சிங்கப்பூர் ஆற்றில் கப்பலுக்கும் கரைக்கும் சரக்குப் படகு ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் ஏராளம். பிறகுதான் அந்தத் தொழில் சீனர்கள் கைக்குப் போனது. 1879 விதிப்படி பார்த்தால் இவர்களில் ஒருவரும் ஹென்லியில் துடுப்பைத் தொட்டிருக்க முடியாது. அந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், வரவும் வேண்டும். இன்று எங்கள் படகில் லாரி ஓட்டுநர், ஆசிரியர், கப்பல் பட்டறை வெல்டர் எல்லோரும் ஒரே பலகையில் உட்காருகிறோம். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒற்றைப் படகு ஓட்டிய நம் சிங்கப்பூர் ஜோன் போ ஒரு மருத்துவமனைத் தாதி. இதுதான் இந்த விளையாட்டின் சரியான நிலை.

ஆகவே என் கருத்து இது: இரண்டு படகு, ஒரே வாய்ப்பு என்ற முறையை ஹென்லி இவ்வளவு காலம் விடாமல் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லலாம். யார் ஓட்டலாம் என்பதில் அவர்கள் மாறியது மிகத் தாமதம், அதைச் சொல்லவும் தயங்க வேண்டாம்.

நேரில் போக நினைத்தால், கோட்டு, டை, முழங்காலுக்குக் கீழே கவுன் என்ற கட்டுப்பாடெல்லாம் உறுப்பினர்களும் அவர்கள் விருந்தினர்களும் உட்காரும் நிர்வாகிகளின் பகுதிக்குத்தான். பெண்கள் கால்சட்டை போட்டு வரலாம் என்று அங்கேயும் 2021இல் அனுமதித்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கி உட்காரும் பொதுப் பகுதிக்கு உடை விதி கிடையாது. ஆற்றோர நடைபாதையில் நிற்கக் காசே வேண்டாம், நான் அங்கேதான் நின்றேன். டிவைஃபோர்டில் ரயில் மாறினால் ஹென்லிக்குக் கிளை ரயில் உண்டு. வீட்டிலிருந்து பார்ப்பதானால், அங்கே காலை 9 மணி என்றால் நமக்குச் சிங்கப்பூரில் மாலை 4 மணி. கடைசி நாளின் இறுதிப் போட்டிகளை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம். முதல் தடவை பார்க்கிறவர்கள் பள்ளி மாணவர் போட்டியிலிருந்து தொடங்குங்கள். படகு ஃபாலியைத் தாண்டும்போது யார் முந்தியிருக்கிறார்கள், எத்தனை படகு நீளம் என்பதை மட்டும் கவனியுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.